பாரம் எங்க உக்காருது?

“அம்மா, நீங்க எத்தன ராத்தல் இருப்பீங்க?”

நான் அந்தத் தோட்டத்துக்கு மருத்துவச்சியாக வந்து மூன்று வருஷம் கழித்து அந்த மனுஷர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் இதுதான். அதுவரை என்னைக் கண்டால் தலையை ஒரு ஆட்டு ஆட்டுவார், கையில் இருக்கிற எண்ணெய்த் துணியால் நெற்றியைத் துடைத்துக்கொள்வார், போய்விடுவார். கேட்ட இடமாவது நல்ல இடமா? தேயிலை ஃபேக்டரி வாசல். எங்கள் பக்கத்தில் அதை ஸ்டோர் என்போம். மத்தியானக் கொழுந்து நிறுக்க நாற்பது பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. நல்ல உடம்பு, அதைவிட நல்ல வாய்.

“தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? கொழுந்தோட சேத்து என்னையும் வாட்டப் போறீங்களா?” என்றேன்.

வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “கணக்குக்கு வேணும்மா” என்றார்.

“நூத்தி இருபது.”

பச்சைப் பொய். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் ஹட்டன் ஸ்டேஷனில் மூட்டை நிறுக்கிற தராசில் விளையாட்டாக ஏறி நின்று, நூற்றைம்பத்தைந்து ராத்தல், இப்போதைய எழுபது கிலோ, என்று கண்டு, வீடு வந்து சேரும்வரை யாரோடும் பேசாமல் வந்தேன். அதை நாற்பது பேர் முன்னால் சொல்ல நான் என்ன பைத்தியமா? அவர் என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை. நான் நின்றுகொண்டிருந்த மரப்படியைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரிம்மா” என்று உள்ளே போய்விட்டார்.

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் தோட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் பாஸ். இரும்பு வேலை, மர வேலை தெரிந்தவரை எல்லாம் இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவது. சிங்களவரும் அப்படித்தான், நாங்களும் அப்படித்தான். ஸ்டோர் என்ஜினை ஓட வைப்பது அவர் வேலை. ஒல்லியான ஆள், லேசாகக் கூன், காதில் எப்போதும் ஒரு துண்டுச் சுண்ணக்கட்டி. அந்த மனுஷருக்கு உலகத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. “பாரம் எங்க உக்காருது?”

மாரியம்மன் திருவிழாவில் சப்பரம் தூக்குவதற்கு முன்னால் அதைச் சுற்றிச் சுற்றி வருவார். பூசாரி சூடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். “எறக்கத்துல போறோம். நெட்டையனெல்லாம் முன்னுக்கு வாங்க, குட்டையனெல்லாம் பின்னுக்குப் போங்க. ஆத்தா சாயக்கூடாது” என்று ஆளை மாற்றி நிறுத்தாமல் விடமாட்டார். ஒரு தடவை ஸ்டோர் வாசலில் ஒரு சின்னப் பெண்ணின் கூடையை வாங்கி, தலையில் மாட்டுகிற கயிற்றை அவிழ்த்து இரண்டு விரல் மேலே ஏற்றிக் கட்டிக் கொடுத்தார். கங்காணி பாய்ந்து வந்தார். “பொம்பளப் புள்ள கூடையில ஒனக்கென்ன வேல?”

“பாரம் கழுத்துல உக்காருது கங்காணியாரே. முதுகுல உக்காரணும்.”

“அவ கழுத்து, ஒனக்கென்ன?”

“அதத்தான் நானும் கேக்குறேன். ஒங்க கழுத்தா?”

மறுவாரம் பார்த்தால் பாதிப் பெண்கள் கயிற்றை ஏற்றிக் கட்டியிருந்தார்கள்.

அவர் சம்சாரம் நல்ல சிரிப்புக்காரி. “தாலி கட்டுன கையோட, கழுத்துல பாரமா இருக்கான்னு கேட்ட மனுஷன்மா இது” என்பாள். “எங்க வீட்டுல சோத்துப் பானைய எறக்கக்கூட எனக்குப் பாடம் எடுக்கும். ஒரு நாளைக்கு இந்தப் பானையாலயே பாரம் எங்க உக்காருதுன்னு காட்டிர்றேன்.” அவர் கேட்டும் கேட்காதது போல வெற்றிலையை மடித்துக்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்டவர் என் எடையைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை அவர் மண்டையில் ஏற்றியவளும் நான்தான்.

எங்கள் தோட்டத்தில் கீழ்க்கணக்கு என்று ஒரு பகுதி உண்டு. பெயருக்கு ஏற்ற மாதிரி ஆற்றோரப் பள்ளத்தில் கிடக்கும். ஆறு லயம், அதாவது ஆறு வரிசை வீடு, நூறு குடும்பம். அங்கே பறிக்கிற கொழுந்து கம்பியில் தொங்கி மேலே ஸ்டோருக்கு வந்துவிடும். அதனால் லொறி போக ரோடு போட வேண்டும் என்று எந்தத் துரைக்கும் தோன்றவில்லை. பழைய காலத்துத் துரைமார் குதிரையில் போன பாதை ஒன்று இருந்தது. மூன்று மைல் ஒரே ஏற்றம், ஏழு முடக்கு வளைவு. லொறியைக் கொண்டு போனால் முதல் முடக்கிலேயே பிருஷ்டம் மாட்டிக்கொள்ளும். ஆகவே கொழுந்துக்குக் கம்பி, மனுஷிக்கு நாற்காலி. பிள்ளைத்தாச்சியை நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, நாலு பேர் தூக்கிக்கொண்டு மேலே ஏற வேண்டும்.

அந்த ஆடி மாதம், கொட்டுகிற மழையில், அப்படித் தூக்கி வந்த ஒரு பெண் நாலாவது முடக்கில் என் கையைப் பிடித்தபடியே போய்விட்டாள். வயிற்றுப் பிள்ளையும்தான். அவளை ஸ்டோர் வாசலில் இறக்கி வைத்திருந்தபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எதிரே நின்றவரைத் திட்டினேன். எதிரே நின்றது பாஸ்.

“ஊருல உள்ள பாரமெல்லாம் பாக்குறீங்களே, இந்தப் பாரம் எங்க உக்காருதுன்னு பாத்தீங்களா? இலை கம்பியில போகுது, மனுஷி நாற்காலியில போறா. என்ன பாஸ் நீங்க?”

பாவம், அந்த மனுஷர் என்ன செய்வார்? எனக்கே அன்று இரவு வெட்கமாக இருந்தது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்டோருக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையைத் திறந்தார் என்று கேள்விப்பட்டேன்.

கொட்டகைக்குள்ளே ஒரு கார் கிடந்தது. யுத்தத்துக்கு முந்தி, அதற்கும் முந்தி, ஒரு துரை சீமையிலிருந்து கொண்டு வந்து, திரும்பிப் போகும்போது விட்டுவிட்டுப் போன திறந்த கார். கூரைத் துணியை எலி தின்றிருந்தது. பின் சீட்டில் கோழி அடை காத்தது. அப்போதிருந்த துரை தோட்டத்துத் தமிழில் அனுமதி கொடுத்தார்: “ஞாயித்துக்கிழமை மட்டும் பாஸ். பழைய இரும்பு எடு, புது இரும்பு தொடாதே.”

காரை ஓட வைப்பது அவருக்குப் பெரிய காரியமாக இல்லை. ஓடுகிற காரில் ஒரு பிள்ளைத்தாச்சி நீட்டிப் படுக்க முடியாது என்பதுதான் சிக்கல். காருக்கு அடியில் தலையிலிருந்து வால்வரை ஓடுகிற இரும்புச் சட்டம் இருக்கிறதே, சேஸி, அதை நடுவில் அறுத்து நீட்ட வேண்டும். எவ்வளவு நீட்டலாம்? அதிகம் நீட்டினால் முடக்கில் திரும்பாது. குறைத்து நீட்டினால் மனுஷியின் கால் வெளியே தொங்கும். இரண்டு ஞாயிறு முழுக்க அவர் அந்த ஏழு முடக்கிலும் மூங்கிலை வைத்து அளந்துகொண்டே திரிந்தார். மழையில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, மூங்கிலைக் கார் மாதிரி திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்ப்பாராம். கீழ்க்கணக்குப் பெண்கள் அவருக்குப் பேய் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள்.

ஒன்றரை அடி என்று முடிவு வந்தது. சேஸியை அறுத்தார். ஸ்டோரில் கழித்துப்போட்ட இரும்புச் சட்டத்தை உலையில் காய்ச்சி இரண்டு பக்கமும் வைத்து ரிவிட் அடித்து நீட்டினார். பழைய காரின் பின் ஆக்ஸில், அதாவது சக்கர அச்சு, அந்த ஏற்றத்துக்கும் பாரத்துக்கும் தாங்காது என்று, டவுனில் பழைய லொறி உடைத்து விற்கிற ஒரு சிங்கள முதலாளியின் ஆலை என்ஜினைச் சரி பண்ணிக் கொடுத்து, அதற்குப் பதிலாகச் சின்ன லொறியின் பின் ஆக்ஸில் ஒன்றைக் கொண்டு வந்தார். எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அந்த ஆறு மாதமும் வாரா வாரம் போய் நின்று திட்டியவள் நான். திட்டுகிறவளுக்கு விஷயம் தெரிய வேண்டாமா?

ஆக்ஸில் மாட்டி முதல் முதலாக ஓட்டிப் பார்த்த அன்று துரையும் வந்து நின்றார். லயத்தில் பாதி வந்து நின்றது. பாஸ் ஏறி உட்கார்ந்தார், முதல் கியரைப் போட்டார், கிளட்ச்சை விட்டார். கார் கம்பீரமாகப் பின்னால் போய் விறகு அட்டியில் மோதியது. இரண்டாவது கியரைப் போட்டார். அதுவும் பின்னால்தான். மூன்றாவதும் அப்படியே. கடைசியில் ரிவர்ஸைப் போட்டார். கார் முன்னால் நகர்ந்தது. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. “பாஸ், இது வந்த வழியே சீமைக்குத் திரும்பிப் போகுது!” என்று துரை கத்தினார்.

வேறு ஆளாக இருந்தால் கியர் பெட்டி மேல் பழியைப் போட்டிருப்பான். இவர் இறங்கி, குனிந்து அடியில் பார்த்து, எழுந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “தப்பு என்னோடது. பள்ளம் மேட்டுல அடி தட்டாம ஒசந்து நிக்கட்டும்னு ஆக்ஸில தலகீழா மாட்டிட்டேன். அதான் சக்கரம் எதிர்ப்பக்கம் சுத்துது.” சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். மறுபடியும் கழற்றி, நிமிர்த்தி, ஆக்ஸில் மேல் வில்லுப் பட்டை உட்காருகிற இடத்தைப் புதிதாக அடித்து மாட்ட இன்னும் மூன்று ஞாயிறு போயிற்று.

அந்த மூன்று ஞாயிறுக்குள் காமாட்சியின் வயிறு எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கத் தொடங்கிவிட்டது.

காமாட்சி கீழ்க்கணக்குப் பெண். இருபத்திரண்டு வயது. இது மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டும் தங்கவில்லை. எட்டாம் மாதம் கையை வைத்துப் பார்த்தால் பிள்ளை குறுக்கே கிடந்தது. ஹட்டனுக்குக் கூட்டிப் போய் டொக்டரிடம் காட்டினேன். “வலி எடுத்தவுடனே கொண்டு வந்துவிட வேண்டும். தாமதித்தால் தாயும் இல்லை” என்றார். முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்றேன். மாமியார் ராக்கம்மா கேட்கவில்லை. “போன தடவ முன்னக்கூட்டியே போயித்தான் புள்ள போச்சு. எம் மருமக எங் கண்ணுக்கு முன்னாடிதான் இருப்பா” என்று வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். நல்ல ஆகிருதி உள்ள மனுஷி. தாண்டிப் போக முடியாது.

ஆக, எல்லாம் அந்தக் காரில் வந்து நின்றது. வலி எடுக்கிற நாளுக்குள் கார் தயாராக வேண்டும். இல்லாவிட்டால் நாற்காலி, மழை, நாலாவது முடக்கு.

என் எடையை அவர் கேட்டது இந்தக் காலத்தில்தான். மருத்துவச்சி பக்கத்தில் உட்கார வேண்டும் அல்லவா? காமாட்சியின் எடையை ராக்கம்மாவிடம் கேட்டு வசவு வாங்கினார். மண் மூட்டைகளைக் கொழுந்துத் தராசில் நிறுத்து, தாய்க்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று வைத்து ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தார். ஒரு நாள், காரின் பின்னால் பலகை அடித்துச் செய்திருந்த கட்டிலில் என்னையே படுக்கச் சொன்னார்.

“நான் என்ன பிள்ளைத்தாச்சியா?”

“மூட்ட வாய் தொறந்து சொல்லாதும்மா. நீங்க சொல்லுவீங்க.”

படுத்தேன். சொன்னேன். ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்பு எண்ணியது. இறங்கியதும் அவருடைய பரம்பரையையே எண்ணினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “லொறிப் பட்டை. மூட்டைக்குப் பழகுனது, ஆளுக்குப் பழகல” என்று இரண்டு பட்டையை உருவிவிட்டார். அடுத்த தடவை படுத்தபோது தொட்டிலில் படுத்த மாதிரி இருந்தது என்று சொன்னால் பொய். ஆனால் உயிரோடு இறங்கலாம்.

அப்போதுதான் அந்த மனுஷர், கட்டில் பலகையைத் தடவிக்கொண்டே, ஒரு கேள்வி கேட்டார். “ஆமாம்மா, வரும்போது புள்ளைய எங்க வைப்பீங்க? மடியிலயா, தாய் பக்கத்துலயா?”

எனக்குச் சுரீர் என்றது. “வாயக் கழுவுங்க பாஸ்! பொறக்காத புள்ளைக்கு இடம் பாக்குறதா? துணியே தைக்க மாட்டோம், தொட்டில் கட்ட மாட்டோம். ஆம்பளைக்கு இதெல்லாம் தெரியாதுன்னா பேசாம இருங்க.”

“சரிம்மா” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மார்கழி பாதி ஆயிற்று. கார் முன்னால் போனது, ஏறியது, இறங்கியது. நான் நிம்மதிப் பெருமூச்சு விட்ட அடுத்த நாள் போய்ப் பார்த்தால் பின் ஆக்ஸில் மறுபடியும் தரையில் கிடக்கிறது! பல் சக்கரமெல்லாம் மண்ணெண்ணெய்த் தட்டில் மிதக்கிறது.

“என்ன பாஸ் இது? இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா அவ!”

“ஒரு சத்தம் கேட்டுச்சும்மா. அஞ்சாவது முடக்குல.”

“ஓடுதுல்ல?”

“ஓடுது. நம்பி ஏத்த மாட்டேன்.”

“பொறுத்தார் பூமியாள்வார்ங்கிறதெல்லாம் சரி, புள்ளத்தாச்சிக்கு அது ஆகாது! இன்னைக்கே வலி வந்தா இத முதுகுல தூக்கிட்டுப் போவீங்களா?”

அவர் பிடிவாதத்தை நான் அன்று வெறுத்தேன், உள்ளபடியே சொல்கிறேன். ஆனால் ஒரு பல் சக்கரத்தைத் துடைத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் ஒரு பல்லின் அடியில் தலைமுடி போல ஒரு கோடு இருந்தது. துரையிடம் சொல்லிவிட்டு டவுனுக்குப் போய் வேறு ஒன்றை வாங்கி வந்து, இரண்டு நாளில் மாட்டி முடித்தார்.

மூன்றாம் நாள் காலை, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, காமாட்சியின் புருஷன் முத்தையா மூச்சிரைக்க ஓடி வந்தான். வலி எடுத்துவிட்டது.

கார் கீழே போனது. காமாட்சியைக் கட்டிலில் படுக்க வைத்தோம். நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டேன். பாஸ் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைக்கிறவர். பின்னால் நான் ஏறி இறங்குவதற்கு அவர் கட்டியிருந்த மரப்படி ஒன்று இருந்தது. அதில் முதலில் ராக்கம்மா ஏறினாள். அவள் தங்கச்சி ஏறினாள். அக்கம்பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரிகள் இரண்டு பேர். முத்தையா, அவன் அண்ணன். வெந்நீர்ப் பானை, கம்பளி, வேப்பிலை. நானும் ஒன்றும் நினைக்கவில்லை. எங்கள் சனத்தில் பிரசவத்துக்குப் போகிறவளை யார் தனியாக அனுப்புவார்கள்?

இரண்டு முடக்கு ஏறிவிட்டோம். மூன்றாவதில் செங்குத்தாக ஒரு ஏற்றம் உண்டு. அங்கே பாஸ் ஸ்டியரிங்கைத் திருப்புகிறார், திருப்பிக்கொண்டே இருக்கிறார், கார் திரும்பாமல் நேரே தேயிலைச் சரிவை நோக்கிப் போகிறது. முன் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பி, காற்றில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன.

“கல்லு வையுங்க! சக்கரத்துக்குக் கல்லு!” என்று கத்தினார். பிரேக் பிடித்தது. முத்தையா குதித்துக் கல்லை வைத்தான். காமாட்சி என் சேலையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். ஓரத்திலிருந்து கீழே பார்த்தால் ஆறு வெள்ளைக் கயிறு மாதிரி தெரிந்தது.

எனக்கு அந்த நிமிஷம் வேறு எதுவும் ஓடவில்லை. நான் சொன்ன பொய்தான் ஓடியது. முப்பத்தைந்து ராத்தல்! ஒரு பெண்ணின் உயிரை, என் வீம்புக்காக, அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டேனே! “பாஸ்! நான் சொன்னது பொய்! நூத்தி இருபது இல்ல, நூத்தி அம்பத்தஞ்சு!” என்று அந்த மலை முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

அவர் இறங்கிப் பின்னால் வந்தார். படியைப் பார்த்தார். “தெரியும்மா. ஸ்டோர்ப் படி வளையறதப் பாத்தே போட்டுக்கிட்டேன். அது கணக்குல இருக்கு. இல்லாதது இவங்கதான்” என்றார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். “மூட்டையெல்லாம் நிறுத்தேன். சனத்த மறந்துட்டேனே! நானும் லயத்துல பொறந்தவன்தானே? தப்பு என்னோடது.”

“எல்லாரும் எறங்குங்க!” என்றேன் நான்.

“எறங்க மாட்டேன்” என்றாள் ராக்கம்மா. “செத்தாலும் எம் மருமக கூடத்தான். ஒன்னும் பேசாதீங்க.”

நான் வாயைத் திறந்தேன். பாஸ் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். “எறங்க வேணாம் ஆத்தா. முன்னுக்கு வாங்க. ஒங்க பாரம் எனக்கு வேணும்” என்றார்.

அவளை நடத்திக் கூட்டிக்கொண்டு போய், முன் சக்கரத்துக்கு மேலே இருக்கிற இடது மட்காட்டில் உட்கார வைத்து, விளக்குத் தண்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். வலதில் அவள் தங்கச்சி. முத்தையாவின் அண்ணனை முன்னால் பம்பரில் நிறுத்தினார். அக்கம்பக்கத்துக்காரிகள் தாமாகவே இறங்கி, நடந்தே வருகிறோம் என்றார்கள். முத்தையா கல்லும் கையுமாகப் பின்னால் ஓடி வந்தான். முன் சக்கரம் மண்ணைக் கவ்வியது. கார் ஏறியது. நாலாவது முடக்கு வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்; திறந்தபோது ஐந்தாவது வந்திருந்தது. மூடுபனிக்குள்ளே, மட்காட்டில் உட்கார்ந்தபடி, ராக்கம்மா மாரியாத்தாளையும் முனியாண்டியையும் வழிவிடாத மாடுகளையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

ஹட்டன் பஜாரே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே.

பெண் குழந்தை. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். தாயும் பிழைத்தாள். வராந்தாவில் குந்தியிருந்த பாஸிடம் போய்ச் சொன்னேன். எழுந்து நின்று, எண்ணெய்த் துணியைத் தேடினார். அது காரில் இருந்தது போலிருக்கிறது, சட்டைக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி, “எத்தன ராத்தல்மா?” என்றார்.

“ஒங்களுக்கு வேற கேள்வியே கெடையாதா? ஆறே கால்.”

“கால் ராத்தல் கூட” என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். எதைவிடக் கூட என்று கேட்கிற பொறுமை எனக்கு அன்று இல்லை.

இரண்டு வாரம் கழித்து அவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விட்டோம். ஸ்டோர் வாசலில் நிறுத்தி, “கொழுந்துத் தராசுல சும்மா ஒரு தடவ வச்சுப் பாக்கலாமா?” என்றார். “கண்ணு படும், ஓட்டுங்க!” என்று ராக்கம்மாவும் நானும் ஒரே குரலில் கத்தினோம். ராக்கம்மா அன்றைக்கும் மட்காட்டில்தான் வந்தாள். இறக்கத்தில் அதற்கு அவசியமே இல்லை. இருந்தாலும் அவளை உள்ளே உட்கார வைக்க எந்தத் துரையாலும் முடியாது.

அதற்கடுத்த ஞாயிறே பாஸ் இரண்டு மட்காட்டின் மேலும் கைப்பிடி வைத்த பலகை அடித்துவிட்டார். பின் படியை ஒரு ஆளுக்கு மேல் நிற்க முடியாதபடி அறுத்துவிட்டார். சொந்தக்காரப் பலகை என்று அதற்குப் பேர் விழுந்தது. யார் அதில் உட்காருவது என்று சம்பந்தி வீட்டார் சண்டை போட்டதெல்லாம் உண்டு. பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் கார் ஓடியது. எத்தனை பேரை ஏற்றினேன் என்று நான் எண்ணவில்லை. எல்லோரும் பிழைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாலாவது முடக்கில் அதற்குப் பிறகு யாரும் சாகவில்லை.

அறுபதுகளின் நடுவில் கீழ்க்கணக்குக்கு ரோடு அகலமாயிற்று. புது வேன் வந்தது. பாஸ் அதற்கு முந்தின வருஷமே வேலையை விட்டு, மகன் இருந்த நுவரெலியாப் பக்கத் தோட்டத்துக்குப் போய்விட்டார். காரை இரும்புக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று சொன்னார்கள். என் பழைய பெட்டி ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடந்தது; எடுக்கப் போனேன். ஆள் வந்து கட்டில் பலகையைக் கழற்றிக் குப்புறப் போட்டான். அடிப்பக்கத்தில் வெள்ளைப் பெயின்டில், பாஸின் கோணல் எழுத்தில், ஒரு பட்டியல்.

தாய் – 98.
மருத்துவச்சியம்மா – சொன்னது 120, வச்சது 155.
நான் – 112.
வரும்போது, புள்ள – 6.

அதற்கும் கீழே, வேறு பெயின்ட், சிவப்பு: சொந்தக்காரங்க – ஆறு பேர். மறக்கக் கூடாது.

அந்தச் சிவப்பு வரி முதல் பயணத்துக்குப் பிறகு எழுதியது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றதெல்லாம் ஒரே வெள்ளை. புள்ள – 6 என்பதும் அதே வெள்ளை. வலி எடுப்பதற்கு முன்னால் எழுதியது. வாயைக் கழுவச் சொன்னேன் அல்லவா? வாயைத் திறக்காமல், என் கண்ணுக்குப் படாத இடத்தில் எழுதி வைத்துவிட்டு, அந்த ஆறு ராத்தலையும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறார்.

அந்தப் பலகையை நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். இப்போது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. குறுக்கே கிடந்த அந்தப் பிள்ளை பிழைக்கும் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. தாயாவது மிஞ்சட்டும் என்றுதான் மாரியாத்தாளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை பிரசவம் பார்த்த நானே அந்தப் பிள்ளையை விட்டுவிட்டேன். கூனல் முதுகும் சுண்ணக்கட்டியுமாக நின்ற அந்த மனுஷர்தான் அது திரும்பி வருவதற்கும் இடம் வைத்து வண்டி கட்டியிருந்தார்.